நாலாவது போல்ட்

நான் வேலை பார்த்த டயர் கடையில் இப்போது ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறதாம். காரின் பெயரையும் வருஷத்தையும் அடித்தால், எந்த அளவு வீல், எந்த அளவு டயர் என்று அதுவே சொல்லிவிடுமாம். நான் ஓய்வு பெற்ற பிறகு அங்கே வேலைக்குச் சேர்ந்த ஃபிட்டர்கள் இரண்டு பேர் போன வாரம் மர்பி டவுனில் என் வீட்டுக்கு வந்து இதைப் பெருமையாகச் சொன்னார்கள்.

"நீங்கல்லாம் ஒரு வீலுக்கு அரை நாள் அளந்துக்கினு உக்காந்திருப்பீங்களாமே அங்கிள்" என்று ஒருவன் சிரித்தான்.

எனக்குச் சுருக்கென்றது. டீயைக் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டேன். "முப்பது வருஷத்து ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு வருது. இஞ்சின் வேற, பிரேக் வேற, ஸ்பிரிங்கை வெட்டி இறக்கியிருக்காங்க. உங்க கம்ப்யூட்டர் என்ன சொல்லும்?"

"கார் பேரை அடிச்சா அது ஒரு சைஸ் சொல்லும் அங்கிள். அப்புறம் ஓட்டை மேட்ச் ஆச்சுன்னா முடிஞ்சுது" என்றான் மற்றவன்.

ஓட்டை மேட்ச் ஆனால் முடிந்தது. இந்த வார்த்தையை நான் ஏற்கனவே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். அதைச் சொன்னவன் இன்றைக்குக் கோட்டு போட்டுக்கொண்டு சுற்றுகிறான். அதற்கு விலை கொடுத்தது ஒரு டாக்டரின் வலது கை. அன்றைக்கு வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

பதினைந்து வருஷம் பஸ் டயர்களைக் கழற்றி மாட்டி முதுகு வளைந்த பிறகு, தொண்ணூற்றொன்றில் அந்தக் கார் டயர் கடைக்கு வந்தேன். அப்போதே எனக்கு நாற்பது. எங்கள் ஃபோர்மேன் நஞ்சுண்டப்பா என்னைவிட ஆறு வயது சின்னவர். தும்கூர்ப் பக்கத்துக்காரர். பேச்சு பாதி கன்னடம், பாதி தமிழ். கத்த மாட்டார், திட்ட மாட்டார். நாம் செய்த வேலையில் குற்றம் கண்டால் நம் பக்கத்தில் வந்து நின்று அதையே பார்த்துக்கொண்டிருப்பார். அரை நிமிஷம் போவதற்குள் நமக்கே வியர்த்துவிடும். திட்டு வாங்குவதே தேவலை என்று தோன்றும்.

சாதாரணக் கார்களுக்கு அவரிடம் ஒரு கம்பெனிப் புத்தகம் இருந்தது. மாற்றிக் கட்டிய கார் வந்தால் அந்தப் புத்தகத்தை எடுத்து உள்ளே பூட்டிவிடுவார். "இந்த வண்டிக்கு புக் இல்லாப்பா தேவா. வண்டிய கேளு, அது ஹேளும்" என்பார். வண்டியே சொல்லும் என்று அர்த்தம்; அப்படிக் கேட்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது.

முதலில் வீல் நடுவில் இருக்கும் பெரிய துளை, வண்டியின் அச்சு முகப்பில் ஆடாமல் உட்கார வேண்டும். அடுத்து நான்கு போல்ட்டுகள். ஒவ்வொன்றையும் விரலால் மட்டும் திருக வேண்டும். ஸ்பானர் கூடாது, காற்றில் ஓடி போல்ட்டை முறுக்கும் கன் கூடவே கூடாது. நான்கும் அடி வரை விரலிலேயே போனால்தான் அந்த வீல் அந்த வண்டிக்கு உரியது. மூன்று போய் நாலாவது முரண்டு பிடித்தால் அந்த வீலைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிடுவார். அதற்கு மேல் பேச்சே கிடையாது.

அதன் பிறகுதான் சப்பாத்தி மாவு. சிரிக்காதீர்கள். வீட்டம்மா பிசைந்து கொடுத்த மாவு உருண்டை ஒன்று தினமும் அவர் டிபன் டப்பாவில் தனியாக வரும். அதைப் பிரேக்கின் மேல் அப்பி, வீலை மாட்டி, கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கழற்றுவார். நசுங்கின மாவின் கனம்தான் பிரேக்குக்கும் வீலுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவிலும் அதே மாவு. பிறகு கடையில் உள்ள தடியான ஆட்கள் இரண்டு பேரை சீட்டில் உட்கார வைத்து, ஸ்டியரிங்கை இடது கோடி, வலது கோடி திருப்பி, ஒரு சக்கரத்தை மட்டும் மேட்டில் ஏற்றி மறுபடி பார்ப்பார். டயர் எவ்வளவு அகலம் என்பது கடைசிக் கேள்வி. அது எவ்வளவு பாரம் தாங்கும், எவ்வளவு வேகம் தாங்கும், வயது என்ன என்பதைப் படித்துச் சொல்லாதவன் கையில் டயரைக் கொடுக்கவே மாட்டார்.

சிக்மகளூர்க் காபி எஸ்டேட்காரர் ஒருவர் ஒரு முறை வெளிநாட்டிலிருந்து நான்கு வீல் வரவழைத்துக்கொண்டு வந்தார். பழைய இங்கிலீஷ்காரன் வண்டி, இரண்டே சீட்டு. முன்பக்கம் பெரிய பிரேக் போட்டிருந்தார். போல்ட்டெல்லாம் ஒழுங்காகத்தான் போயின. ஆனால் மாவு அப்பளத்தைவிட மெல்லிசாக வந்தது. "ஆகாது சார்" என்றார் நஞ்சுண்டப்பா. எஸ்டேட்காரர் இங்கிலீஷில் குதித்தார். கப்பல் கூலி எவ்வளவு தெரியுமா என்றார். எங்கள் ஃபோர்மேன் அந்த மாவை அவர் உள்ளங்கையில் வைத்து, வெயிலுக்கு நேரே தூக்கிக் காட்டினார். "பிரேக் சூடானா கொஞ்சம் உப்பும் சார். இதுல எடம் எல்லி?" இடம் எங்கே என்று மட்டும் கேட்டார். மனிதர் மாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அந்த வீல்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு பழைய வீலிலேயே ஊர் போய்ச் சேர்ந்தார்.

இன்னொரு பழக்கமும் எங்கள் கடையில் இருந்தது. வீல் மாட்டி முறுக்கு சரிபார்த்ததும், போல்ட் தலையிலிருந்து வீல் வரைக்கும் பெயின்ட்டால் ஒரு கோடு போட வேண்டும். போல்ட் தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக் கொடுத்துவிடும். சாட்சிக் கோடு என்போம். ஒவ்வொரு ஃபிட்டருக்கும் ஒரு நிறம். எனக்கு மஞ்சள். முனிராஜுக்கு வெள்ளை. யார் மாட்டிய வீல் என்று தெருவில் போகும்போதே சொல்லிவிடலாம். ஒருவன் நிறத்தை இன்னொருவன் தொடக் கூடாது.

டாக்டர் மாலினி வந்தது, ஊரெல்லாம் கம்ப்யூட்டர் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த சமயம். குக் டவுனில் இருந்தார். கண் ஆபரேஷன் செய்கிற டாக்டர், ஐம்பதை நெருங்கும் வயது. அவருடைய வண்டி இத்தாலிக்காரன் செய்த இரண்டு சீட்டு ஓப்பன் கார். பழைய இரும்பு விலைக்கு வாங்கி ஆறு வருஷம் பாடுபட்டு ஓட வைத்திருந்தார். உள்ளே ஜப்பான் இஞ்சின். அதன் வேகத்தை அடக்க முன்னால் பெரிய பிரேக். பிரேக் பெரிதானதால் பழைய சின்ன வீல் அதன் மேல் ஏறவில்லை. ஒரு சைஸ் பெரிய வீல் வேண்டும் என்று, யாரிடமோ இரவல் வாங்கிய வீலில் ஓட்டிக்கொண்டு வந்தார்.

நஞ்சுண்டப்பா ஒரு முழுக் காலை அந்த வண்டியோடு இருந்தார். டாக்டரும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எதற்கு இது, எதற்கு அது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஃபோர்மேன் சொன்னார்: "நாலு போல்ட்டும் நிக்கற வட்டம் தொண்ணூத்தெட்டு மில்லிமீட்டர் மேடம். இங்க மார்க்கெட்ல கெடைக்கறது எல்லா நூறு. வெளிய சொல்லி வரவழைக்கணும். மூணு திங்களாகும்."

"ரெண்டு மில்லிமீட்டர்தானே?"

"கண்ணுல ரெண்டு மில்லிமீட்டர் தப்பா வெட்டுவீங்களா மேடம்?"

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "சரி, மூணு மாசம் வெயிட் பண்றேன்" என்றார். காத்திருக்கத் தயாராக இருந்த வாடிக்கையாளர் அவர். எனக்கு வயிறு எரிவதே இதை நினைத்துத்தான். அவசரப்பட்டது அவர் இல்லை.

இரண்டாம் மாதம் ஃபோர்மேன் ஊரில் வீடு கட்டிக் கிருஹப்பிரவேசம் என்று பத்து நாள் லீவில் போனார். அப்போது கடையைப் பார்த்துக்கொண்டது முதலாளியின் அக்கா மகன் கிஷோர். படித்துவிட்டு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அவன் வரவழைத்து விற்காமல் கண்ணாடிக்குப் பின்னால் கிடந்த பளபளப்பான வீல் செட் ஒன்று இருந்தது. நூறு மில்லிமீட்டர். அவனே டாக்டருக்குப் போன் செய்து, உங்களுக்கான வீல் வந்துவிட்டது என்று சொன்னான். வந்துவிட்டது என்றே சொன்னான். அவர் நம்பி வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் பக்கத்தில் யாரையோ பார்க்கப் போனார்.

வேலை என்னிடம் வந்தது. முன் இடது சக்கரம். முதல் போல்ட் விரலில் போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவது கொஞ்சம் யோசித்துப் போனது. நாலாவது பாதியில் நின்றுவிட்டது. கழற்றி, வரிசையை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். எந்த போல்ட்டை எந்தத் துளையில் கடைசியாகப் போட்டாலும் அதுதான் நின்றது. கிஷோரிடம் போனேன்.

"சார், இது அந்த வண்டி வீல் இல்ல. நாலாவது கையில போவல."

"கையில ஏன் போகணும்? கன் எதுக்கு வாங்கி வெச்சிருக்கோம்?"

"கன்னுல போவும் சார். போல்ட் சாஞ்சுக்கினு போவும். நல்லா டைட்டாயிட்ட மாதிரிதான் இருக்கும். நூறு கிலோமீட்டர் ஓடுனா தன்னால லூசாயிடும். ஃபோர்மேன் தொண்ணூத்தெட்டுன்னு அளந்து எழுதி வெச்சிருக்காரு."

"தேவா, ஓட்டை மேட்ச் ஆகுது, போல்ட் உள்ள போகுது. அப்புறம் என்ன? நீங்க போய் அந்த வெள்ளை வேன் அலைன்மென்ட்டைப் பாருங்க. முனிராஜ், நீ வா."

நான் போனேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது, ஆனால் போனேன். சம்பளம் கொடுக்கிறவன் சொல்லிவிட்டான், என் வாயால் எச்சரிக்கை செய்துவிட்டேன், இனி என் பொறுப்பில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வேனுக்கு அடியில் அலைன்மென்ட் குழியில் இறங்கினேன். மேலே கன் கடகடவென்று நான்கு தடவை சத்தம் போட்டது. பிறகு நான்கு, மறுபடி நான்கு, மறுபடி நான்கு. மாவும் இல்லை, ஆளை உட்கார வைத்துப் பார்த்ததும் இல்லை.

குழிக்குள் நிற்பவனுக்குக் கடையை விட்டுப் போகும் வண்டிகளின் சக்கரம் கண்ணுக்கு நேராக வரும். டாக்டரின் வண்டி என்னைக் கடந்து போனது. முன் இடது சக்கரத்தில் நான்கு போல்ட்டிலும் மஞ்சள் கோடு. முனிராஜ் என் பெயின்ட் டப்பாவை எடுத்துப் போட்டிருக்கிறான், அல்லது போடச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு குரல் கொடுத்திருந்தால் வண்டி நின்றிருக்கும். வேலை முடியட்டும், மத்தியானம் முனிராஜைக் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நந்தி மலையிலிருந்து திரும்பும் வழியில் அந்த முன் இடது சக்கரம் கழன்றது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓரத்துப் பள்ளத்தில் இறங்கியது. உயிருக்கு ஆபத்தில்லை. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்ததில் வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. மற்றவர்களுக்கு என்றால் கை முறிந்தது, கட்டுப் போட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அவர் அந்தக் கையால் கண்ணை வெட்டித் தைப்பவர்.

கடைக்கு இன்ஷூரன்ஸ் சர்வேயர் வருவதற்குள் கிஷோர் கதையைத் தயார் செய்துவிட்டான். வீல் மாட்டி அனுப்பும்போது கோடு சரியாக இருந்தது, வழியில் எங்கேயோ பஞ்சர் போட்டு யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள் என்பது கதை. "லேடீஸ் ஸ்பீடா ஓட்டுற வண்டியா அது?" என்று வேறு எல்லோர் காதிலும் போட்டான். தன் பொய்யால் முறிந்த கைக்கு அந்தக் கையின் சொந்தக்காரியையே குற்றவாளியாக்குகிற துணிச்சல். என் ஐம்பது வயதில் அப்படி ஒரு நாக்கை நான் பார்த்ததில்லை.

டைப் செய்த தாள் ஒன்றை என் முன்னால் வைத்தான். "மஞ்சள் உங்க கலர்தானே? நான்தான் மாட்டினேன், முறுக்கு சரியா இருந்துச்சுன்னு இருக்கு. கையெழுத்து போடுங்க. உங்களுக்கும் நல்லது, கடைக்கும் நல்லது."

"டாக்டருக்கு?"

"அவங்களுக்கு இல்லாத காசா தேவா?"

போட்டால் என் மேல் பழி இல்லை, கடை மேல் பழி இல்லை, பழியெல்லாம் டாக்டருக்கு. போடாவிட்டால் மஞ்சள் கோட்டுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். மகளுக்கு அப்போது கல்லூரியில் கடைசி வருஷம். அந்தத் தாளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, நாளைக்குத் தருகிறேன் என்றேன். நேரே போன் பூத்துக்குப் போய் நஞ்சுண்டப்பாவின் ஊருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்.

"வண்டி போகறப்போ நீ நோடிதியா?"

"பாத்தேன் சார்."

போனிலேயே அவர் என் பக்கத்தில் வந்து நின்று பார்ப்பதுபோலவே இருந்தது. பிறகு, "காலையில வர்றேன்" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் முதலாளி, கிஷோர், சர்வேயர் மூன்று பேரும் இருக்கும்போது அவர் வந்தார். யாரிடமும் ஒன்றும் பேசவில்லை. பள்ளத்திலிருந்து இழுத்துக்கொண்டு வந்து போட்டிருந்த வண்டியின் நல்ல பக்கத்து முன் சக்கரத்தைக் கழற்றினார். போல்ட்டுகளைத் துடைத்து ஒரு தட்டில் வைத்து முதலாளியிடம் நீட்டினார். "நீங்களே கையில போடுங்க சார்."

முதலாளி அந்தக் காலத்து மனிதர், தானே டயர் கழற்றி முன்னுக்கு வந்தவர். சட்டைக் கையை மடித்துவிட்டுக் குந்தி உட்கார்ந்தார். ஒன்று போனது, இரண்டு போனது, மூன்று போனது. நாலாவதோடு ஐந்து நிமிஷம் மல்லுக்கட்டினார். விரல் நுனி சிவந்துவிட்டது. எழுந்து மருமகனைப் பார்த்தார். சர்வேயர் அளவுகோலை எடுத்து, வீலில் ஒன்று, அச்சு முகப்பில் ஒன்று என இரண்டு வட்டத்தையும் அளந்து எழுதிக்கொண்டார். நான் பையிலிருந்த தாளை எடுத்து, பின்பக்கத்தில், நாலாவது போல்ட் கையால் போகவில்லை என்று நான் சொன்னேன், பிறகு வேறு வேலைக்குப் போனேன், வண்டி என் நிறத்தோடு வெளியே போவதைப் பார்த்தும் நிறுத்தவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு சர்வேயரிடம் கொடுத்தேன்.

டாக்டர் மேல் பழி விழவில்லை. அதுவரை சரி. அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். பொய் சொல்லி வீல் விற்றவனுக்கு என்ன தண்டனை? ஆறு மாதம் கண்ணில் படாமல் இருந்தான், பிறகு புதிதாகத் திறந்த இரண்டாவது கிளைக்கு அவனையே மேனேஜராக உட்கார வைத்தார்கள். ரத்த சம்பந்தம். கன் பிடித்த முனிராஜை மறு வாரமே வீட்டுக்கு அனுப்பினார்கள். சொன்னதைச் செய்தவன் போனான், சொன்னவன் உயர்ந்தான். முனிராஜுக்காக நானும் ஃபோர்மேனும் முதலாளியிடம் இரண்டு தடவை போய் நின்றோம். "விடுங்கப்பா, முடிஞ்சு போன விஷயம்" என்றார். யாருக்கு முடிந்தது?

ஏழெட்டு மாதம் கழித்து, வண்டியைச் சரிசெய்து, சரியான தொண்ணூற்றெட்டு மில்லிமீட்டர் வீல்களை மாட்டிக்கொள்ள டாக்டர் வந்தார். ஃபோர்மேன் அவருக்கென்று ஏற்கனவே சொல்லி வைத்திருந்தது, வந்து சேர்ந்திருந்தது. நஞ்சுண்டப்பா மாவு வைத்துப் பார்த்துச் சம்மதம் சொன்னதும், மாட்டுகிற வேலையை என்னிடம் விட்டு நகர்ந்தார். டாக்டர் பழைய மாதிரி ஸ்டூல் கேட்கவில்லை. பக்கத்தில் நின்றார். ஆபரேஷன் செய்வதை விட்டுவிட்டு இப்போது கண் பரிசோதனை மட்டும் செய்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

மூன்று போல்ட் போட்டேன். நாலாவதை எடுக்கும்போது அவர் கை நீட்டினார்.

"அதை நான் போடறேன்."

வலது கைதான். விரல்கள் முழுதாக மடங்கவில்லை. கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் மட்டும் பிடித்து, துளையில் வைத்துத் திருகினார். எந்தத் தடையும் இல்லாமல் அது அடி வரைக்கும் போய் உட்கார்ந்தது. அவர் கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

"இந்தக் கைக்கே போகுதே. அன்னைக்கு உங்களுக்குப் போகலையா தேவா?"

"போகல மேடம்."

"தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது மேடம்."

மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். மஞ்சள் டப்பாவைத் தானே எடுத்து என்னிடம் கொடுத்து, "கோடு போடுங்க, நான் பாக்கறேன்" என்றார். பதினாறு போல்ட்டுக்கும் நான் கோடு போடும் வரை குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, இடது கையால் சாவியைப் போட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.